மைனியை விசாரித்த நாடு

நாகர்கோவில் வடசேரியில் தாணுமாலயன், நீலகண்டன், பூதலிங்கம் என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர். அப்பா விட்டுப்போன தோப்பு, வயல், வாழைக்காய்க் கடை எல்லாவற்றையும் சண்டை சச்சரவு இல்லாமல் பங்கு வைத்துக்கொண்டவர்கள். புத்தியையும் அப்படியே பங்கு வைத்துக்கொண்டார்கள். பங்கு வைக்கிற அளவுக்கு அது இருந்ததா என்றால், அதெல்லாம் குடும்ப விஷயம், நமக்கு எதுக்கு?

மூத்தவர் தாணுமாலயனின் மனைவி பகவதி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொழுந்தன்மார் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்த வீட்டில் அவளுக்குப் பேரே மைனிதான். "மைனி, காப்பி." "மைனி, வேட்டி எங்க?" "மைனி, தேங்கா துருவியாச்சா?" என்று விடிந்ததிலிருந்து வீடு அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். நீ எப்படி இருக்கிறாய் என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை. அவளும் அதை ஒரு குறையாக எண்ணியதில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற விஷயத்தில் அவளும் அந்த வீட்டுக்கு ஏற்ற மருமகள்தான்.

பகவதியின் ஒரே மகள் வடிவு கொரியாவில், சியோல் நகரத்தில், கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். பார்த்த இடத்தில் மின்சு என்கிற கொரியாப் பையனையும் பார்த்துவிட்டாள். செய்தி வடசேரிக்கு வந்ததும் வீட்டில் பெரிய ஆலோசனை நடந்தது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நீலகண்டன், "மின்சு! பேர்லயே கரண்டு இருக்குல்லா? பய கொள்ளாம்" என்றார். அதோடு பெண் வீட்டுச் சம்மதம் முடிந்தது.

பையன் வீட்டில்தான் இழுபறி. அங்கே அப்பா இல்லை, அம்மா வைத்ததுதான் சட்டம். அந்த அம்மாவைப் பார்த்துப் பேசத்தான் அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் பகவதியுமாக நாலு பேர் விமானம் ஏறி வந்திருந்தார்கள். நீலகண்டனின் மனைவி பசுவைப் பார்த்துக்கொள்ள ஊரில் தங்கிவிட்டாள். பூதலிங்கத்துக்கு மனைவி வாய்க்கவே இல்லை. வாய்க்காததற்குக் காரணம் கதை போகப் போக உங்களுக்கே தெரியும்.

சந்திப்புக்கு சூவோன் நகரத்துக் கோட்டையைப் பேசி வைத்திருந்தார்கள். காலையில் போய், சுற்றிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடலாம். ஆனால் அன்றைக்குப் பார்த்து வடிவுக்கும் மின்சுவுக்கும் ஆபீசில் அவசர வேலை. வடிவு நாலு பேரையும் வரிசையாக இருத்திப் பாடம் எடுத்தாள்.

"நல்லா கேட்டுக்கிடுங்க. ஸ்டேஷன்ல இந்த கார்டத் தொட்டாத்தான் கதவு தொறக்கும். பெறவு, இந்த ஊர்ல உள்ள நுழையதுக்கு முன்னால செருப்பக் கழட்டிரணும், அது பெரிய மரியாத. பெரியவங்களுக்கு எதக் குடுத்தாலும் ரெண்டு கையாலயும் குடுக்கணும். சூவோன்ல எறங்கி டாக்சிக்காரருகிட்ட இந்தப் படத்தக் காட்டுனா கோட்டையில விட்டுருவாரு. சுவரப் புடிச்சே போனா வடக்கு வாசல் வரும். அங்கதான் மின்சுவோட அம்மா நிப்பாங்க. சுவர விட்டுறாதீங்க. மனசிலாச்சா?"

"மனசிலாச்சு" என்றார்கள் நாலு பேரும். அவர்களுக்கு எப்போதுமே எல்லாம் மனசிலாகும். அதில்தான் வில்லங்கமே.

"இன்னொண்ணு." வடிவின் குரல் இறங்கிவிட்டது. "அவங்க அம்மா 'நோ' சொல்லதுக்குத்தான் வாறாங்கன்னு மின்சு சொன்னாரு. ஒரு தடவ 'நோ' சொல்லிட்டாங்கன்னா அதுக்கு மேல அந்த வீட்ல பேச்சே கெடையாது. நாங்க வந்து சேரது வரைக்கும் அவங்கள 'நோ' சொல்ல விட்டுறாதீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இது நடக்கலன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்மா."

பகவதி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெற்ற மகள் அழுது அவள் பார்த்ததே அபூர்வம். "நீ தைரியமா போ மக்ளே. நோவோட நிழலக்கூட அண்ட விடமாட்டோம்" என்றாள்.

இத்தனை சொன்ன வடிவு ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டாள். அந்த ஊரில் 'இல்லை' என்றாலும் 'வேண்டாம்' என்றாலும் 'அனியோ' என்பார்கள். நீங்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத்தான் தெரியாது.

ஸ்டேஷனில் தாணுமாலயன் கார்டை உள்ளங்கையில் ஏந்திப் பிடித்தார். நாலு பேரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கதவு திறக்கவில்லை.

"பக்தி போதாது. இன்னொரு மட்டம் தொடுவோம்" என்றார் பூதலிங்கம்.

இன்னொரு மட்டமும் தொட்டார்கள். பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஸ்டேஷன் ஊழியர் ஒருவர் ஓடிவந்து, கையை ஆட்டி ஆட்டி, "அனியோ! அனியோ!" என்றார்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னடே சொல்லுகான்?" என்றார் தாணுமாலயன்.

"அண்ணியோன்னு கேக்கான் அண்ணாச்சி" என்றார் நீலகண்டன்.

"அண்ணியா? யாருடே அது?"

"நாம மைனிங்கோம்லா, அதத்தான் மெட்ராஸ் பக்கத்துல அண்ணிம்பாவ" என்றார் நீலகண்டன். வேலை மாற்றலில் கொஞ்ச காலம் சென்னையில் இருந்தவர். "அங்க கார் கம்பெனியில கொரியாக்காரனுவ நெறய உண்டு. இவனும் அங்க இருந்துதான் தமிழ் படிச்சிருக்கணும். நாகருகோயில்ல படிச்சிருந்தா 'மைனியோ'ன்னு சுத்தமா கேட்டிருப்பான்."

"அப்போ நம்ம பகவதியையா கேக்கான்?"

"வேற யாரு இருக்கா இங்க?"

மூன்று பேரும் பகவதியை முன்னால் தள்ளினார்கள். "ஆமா, இவதான் மைனி" என்றார் பூதலிங்கம். பகவதி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கும்பிட்டாள். ஊழியர் ஒரு கணம் விழித்தார். பிறகு தாணுமாலயன் கையிலிருந்த கார்டை வாங்கி, கதவுப் பக்கத்து மேடையில் வைத்தார். கதவு திறந்துகொண்டது. ஒவ்வொருத்தருக்கும் அப்படியே திறந்து உள்ளே அனுப்பினார்.

"பாத்தீங்களா? மைனியக் காட்டுன ஒடனே தொறந்துட்டு" என்றார் பூதலிங்கம்.

பகவதிக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி குளிர்ந்தது. முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத ஒரு பிள்ளை, அத்தனை கூட்டத்தில் அவளை மட்டும் விசாரித்திருக்கிறான்.

ரயில் வந்தது. உள்ளே நுழைவதற்கு முன்னால் செருப்பைக் கழற்ற வேண்டுமல்லவா? பயணத்துக்கென்று வாங்கிய புது ஷூக்களை மூன்று பேரும் கழற்றி, பிளாட்பாரத்தில் வரிசையாக வைத்தார்கள். பகவதி தன் செருப்பை ஓரமாக வைத்தாள். அதைப் பார்த்த வயதான அம்மா ஒருத்தி பதறிப்போய் ஷூவையும் அவர்களையும் மாறி மாறிக் காட்டி, "அனியோ, அனியோ!" என்று கத்தினாள்.

"இவளும் ஒன்னத்தான் கேக்கா" என்றார் தாணுமாலயன். கொஞ்சம் பொறாமைகூட இருந்தது அந்தக் குரலில்.

"நான்தாம்மா மைனி. சொகமா இருக்கேளா?" என்று ரயிலுக்குள்ளிருந்து பகவதி கேட்டாள். கதவு மூடிக்கொண்டது.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு நீலகண்டனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அண்ணாச்சி, செருப்பு அங்க இருக்கு. நாம இங்க போறோம்."

"அதுக்கு?"

"எறங்குதப்ப என்னத்தப் போட?"

தாணுமாலயன் நன்றாக யோசித்தார். "கோயில்ல செருப்பக் கூடவா கொண்டு போறோம்? திரும்பி வரும்போ அங்கதான எறங்கப் போறோம். வெளிய கெடக்கது வெளியதான் கெடக்கணும்."

அந்த நேரம் பார்த்து ஒரு குழந்தை, "அப்பா!" என்று கூப்பிட்டது. கொரியக் குழந்தைகளும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடும். ஆனால் மூன்று அண்ணன் தம்பிகளும் துள்ளி எழுந்து, "என்ன மக்கா?" என்றார்கள், கல்யாணமாகாத பூதலிங்கம் உட்பட. குழந்தையின் சொந்த அப்பா அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

"இந்த நாடு முச்சூடும் தமிழ்தான். கொஞ்சம் தேஞ்சு போயிருக்கு, அவ்வளவுதான்" என்று முடிவு சொன்னார் பூதலிங்கம்.

சூவோனில் டாக்சிக்காரர் அவர்களைக் கோட்டைச் சுவரோரம் இறக்கிவிட்டார். இலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக உதிர்ந்து கிடந்த நேரம். வெறுங்காலில் தரை சுள்ளென்று குளிர்ந்தது. எதிரே வடக்கு வாசல் கூப்பிடு தூரத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. நாலு எட்டு வைத்தால் போய்விடலாம். ஆனால் வடிவு சொன்னது சுவரைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லி. ஆகவே நாலு பேரும் சுவரில் வலது கையை ஊன்றி, ஒருத்தர் பின்னால் ஒருத்தராக நடந்தார்கள்.

வலது கையை ஊன்றியதால் முகம் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. வடக்கு வாசல் முதுகுக்குப் பின்னால் போயிற்று. மேடு ஏறினார்கள், பள்ளம் இறங்கினார்கள். வழியில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்களை விலகச் சொன்னார்கள். மலை உச்சியில் நீலகண்டனுக்கு ஒரு தும்மல் வந்தது. தும்மின வேகத்தில் கை சுவரை விட்டுவிட்டது.

"விட்டுட்டீரே வோய்!" என்று அலறினார் பூதலிங்கம்.

"ஒரு நிமிசந்தானடே."

"வடிவு என்ன சொன்னா? சுவர விட்டுறாதீங்கன்னு சொன்னாளா இல்லியா? பிள்ளை வாழ்க்கை ஓய் இது!"

பகவதிக்கு அழுகையே வந்துவிட்டது. மகள் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. "மொதல்லேருந்து போவோம்" என்றாள். ஏறின மலையை இறங்கி, ஆரம்பித்த இடத்துக்கே வந்தார்கள். இந்தத் தடவை நடக்கும்போது தும்மல் வராமலிருக்க நீலகண்டன் மூக்கை மற்றக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. வலது கை நோகிறது என்று எல்லாரும் கையை மாற்றினார்கள். கையை மாற்றினதில் முகமும் திரும்பியது. சற்று நேரத்தில் வடக்கு வாசல் வந்துவிட்டது. இரண்டாம் தடவை ஒழுங்காகச் செய்ததன் பலன் என்று எல்லாருக்கும் மனநிறைவு.

வாசல் முன்னால் புல்தரையில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தாள். சந்தன நிறக் கோட்டு, இறுக மூடின உதடு, கையில் கயிறு. கயிற்றின் முனையில் வெள்ளை வெளேரென்று ஒரு சின்ன நாய்.

"போட்டோல பாத்த அதே மூஞ்சி. மின்சுவோட அம்மா" என்று கிசுகிசுத்தார் தாணுமாலயன். "எல்லாரும் உஷாரு. அவ வாயப் பாத்துக்கிட்டே இருக்கணும். 'நோ' சொல்லணும்னா ஒதடு குவியும். குவிஞ்ச ஒடனே பகவதி முந்திரிக்கொத்த எடுத்து வாய்க்குள்ள..."

"ரெண்டு கையால" என்று ஞாபகப்படுத்தினார் பூதலிங்கம்.

"ஆமா, ரெண்டு கையால."

பகவதி பையிலிருந்த தூக்குவாளியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பாசிப்பயறும் கருப்பட்டியும் போட்டு, மகளுக்குப் பிடிக்குமென்று ஊரிலிருந்து செய்து கொண்டுவந்த முந்திரிக்கொத்துப் பலகாரம் அதில் இருந்தது.

அதற்குள் நாய் கயிற்றை உருவிக்கொண்டு நேராகப் பகவதியிடம் ஓடிவந்துவிட்டது. முந்திரிக்கொத்து வாசனை அதற்கும் பிடித்திருக்க வேண்டும். அந்த அம்மா நாயைப் பார்த்து, "இரி வா! இரி வா!" என்று அதட்டினாள். அந்த ஊர்ப் பாஷையில் 'இங்கே வா' என்று அர்த்தம்.

இதைக் கேட்டவர்கள் மதுரைக்காரர்களாகவோ கோயம்புத்தூர்க்காரர்களாகவோ இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இவர்கள் நாகர்கோவில். அங்கே இரி என்றால் உட்கார் என்று அர்த்தம்.

"நம்ம ஊரு பாஷையே பேசுதாளே! 'இரி'ங்கா" என்றார் நீலகண்டன். நாலு பேரும் பொத்தென்று புல்லில் உட்கார்ந்தார்கள்.

"இரி வா!" என்றாள் அந்த அம்மா மறுபடியும்.

"'வா'ன்னும் சொல்லுதாளே" என்றார் பூதலிங்கம்.

"இரிக்கணுமா, வரணுமா? ரெண்டையும் எப்படிடே செய்ய?" என்றார் தாணுமாலயன்.

"எந்திரிச்சா 'இரி'ங்கதத் தட்டுன மாதிரி. இங்கயே இருந்தா 'வா'ங்கதத் தட்டுன மாதிரி. சம்பந்தக்காரி மொத மொதல்ல சொன்ன சொல்லு. ரெண்டுல ஒண்ணயும் தட்டப்பிடாது" என்றார் நீலகண்டன்.

கடைசியில் வழியைக் கண்டுபிடித்தவள் பகவதி. "இருந்துக்கிட்டே வருவோம்" என்றாள்.

அப்படியே செய்தார்கள். புல்தரையில் உட்கார்ந்தபடி, கையை ஊன்றி, நாலு பேரும் வெறுங்காலோடு நிரங்கி நிரங்கி சம்பந்தியம்மாவை நோக்கி வந்தார்கள். நாய் பகவதியின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு சவாரியாகவே வந்தது. அந்த அம்மாவுக்கு ஓடவும் தோன்றவில்லை, நிற்கவும் முடியவில்லை. வந்தவர்கள் அவள் காலடியில் வந்து சேர்ந்து அண்ணாந்து பார்த்தபோது, விருந்தாளி தரையிலிருக்கத் தான் நிற்பது மரியாதையில்லை என்று அவளும் கோட்டோடு புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்த பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள். வீட்டிலிருந்தே தயாரித்துக்கொண்டு வந்ததைச் சொல்லப்போகிறாள் என்பது யார் பார்த்தாலும் தெரியும். தாணுமாலயன் கண் காட்டினார். பகவதி இரண்டு கையாலும் முந்திரிக்கொத்தை நீட்டினாள்.

அந்த அம்மா நாகரிகமாகத் தலையசைத்து, "அனியோ" என்றாள்.

"ஆமா, மைனிதான் செஞ்சா" என்றார்கள் மூன்று பேரும். "மைனி கைப்பக்குவம்." பகவதியை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினார்கள்.

"அனியோ, அனியோ."

"இவளேதான். சந்தேகமே வேண்டாம்." இன்னும் கொஞ்சம் தள்ளினார்கள். இப்போது பகவதியின் முழங்கால் அந்த அம்மாவின் முழங்காலைத் தொட்டது. வேறு வழியில்லாமல் அவள் ஒன்றை வாங்கிக் கடித்தாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்திவிட்டு, கையிலிருந்த மீதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதையும் வாயில் போட்டுக்கொண்டாள்.

ஆனாலும் வந்த காரியம் என்று ஒன்று இருக்கிறதே. வாயைத் துடைத்துக்கொண்டு, மகன் பேரைச் சொல்லி, வடிவு பேரைச் சொல்லி, இரண்டு விரலையும் சேர்த்துப் பிரித்துக் காட்டி, ரொம்பத் தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, "அனியோ" என்றாள்.

பகவதி உருகிப்போனாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் உழைத்தும் அவளை இப்படிக் கண்ணைப் பார்த்து விசாரித்தவர்கள் கிடையாது. அந்த அம்மாவின் இரண்டு கையையும் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான்தான் சம்பந்தி. நான் நல்லா இருக்கேன். எம் மக உங்க வீட்டுக்கு வந்தா இன்னும் நல்லா இருப்பேன்." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அனியோ..." என்றாள் அந்த அம்மா. இந்தத் தடவை குரலில் பலமில்லை. கையை உருவிக்கொள்ளவும் இல்லை.

வடிவும் மின்சுவும் தலைதெறிக்க ஓடிவந்தபோது, புல்தரையில் ஐந்து பேரும் நாயும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தூக்குவாளி பாதி காலி.

"என்னாச்சு? சொல்லிட்டாங்களா?" என்றாள் வடிவு மூச்சு வாங்க.

"ஒரு தடவகூட நோ சொல்லல்ல" என்றார் தாணுமாலயன் பெருமையாக. "நாங்க மூணு பேரும் கண்ணு இமைக்காம ஒதட்டப் பாத்துட்டே இருந்தோம். ஒங்க அம்மையப் பத்திதான் விசாரிச்சுக்கிட்டே இருந்தா. வேற பேச்சே கெடையாது."

அந்த அம்மா மகனைக் கூப்பிட்டு, கொரிய மொழியில் மெதுவாக ஏதோ சொன்னாள். கேட்கக் கேட்க மின்சுவின் முகம் போன போக்கு சொல்லி முடியாது. அவன் வடிவின் காதில் சொன்னான். வடிவு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பகவதிக்குப் பிடிபடவில்லை.

அந்த அம்மா சொன்னது இதுதான்: "நான் அனியோ என்று சொல்லும்போதெல்லாம் இந்தப் பெண்ணைத்தான் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அப்புறம்தான் விளங்கியது, இவள் பேரே அனியோ. பெற்றவர்களுக்கு எப்படி மனசு வந்ததோ, பிள்ளைக்கு 'வேண்டாம்' என்று பேர் வைக்க! பிறந்ததிலிருந்து பாவம், எல்லாரும் இவளை வேண்டாம் வேண்டாம் என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். நானும் எப்படி அதையே சொல்வேன்? கல்யாணத்துக்கு நாள் பார்க்கச் சொல்."

"என்ன மக்ளே சொல்லுகா?" என்றாள் பகவதி.

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சம்மதம்ங்காங்கம்மா. ஒன்ன ரொம்பப் பிடிச்சிருக்காம்." அதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை விளக்கவில்லை. புத்திசாலிப் பெண். அந்தக் குடும்பத்தில் எப்படிப் பிறந்தாள் என்பதுதான் ஆச்சரியம்.

அன்றைக்கே வடிவு சூவோன் சந்தையில் நாலு பேருக்கும் புது ஷூ வாங்கிக் கொடுத்தாள். காலையில் போட்டது எங்கே என்று கேட்டதற்கு, "வெளிய கெடக்கு" என்ற பதில்தான் கிடைத்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சம்பந்தியம்மாவும் சியோலுக்குக் கூடவே வருவதாக ஏற்பாடு. எல்லாரும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். ரயில் வந்து நின்றதும் இடம் பிடிக்க வடிவும் மின்சுவும் நாயைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடி ஏறிவிட்டார்கள்.

பின்னால் மூன்று அண்ணன் தம்பிகளும் வாசலில் நின்று, புது ஷூவைக் கழற்றி, பிளாட்பாரத்தில் வரிசையாக வைத்துவிட்டு ஏறினார்கள். பகவதியும் தன்னுடையதை ஓரமாக வைத்தாள்.

சம்பந்தியம்மா இதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காலையில் இவர்கள் வெறுங்காலோடு வந்ததன் காரணம் அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. எவ்வளவு மரியாதை தெரிந்த குடும்பம்! ரயிலில்கூட ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுகிறார்கள்! சம்பந்தம் என்று ஆன பிறகு அவர்கள் வழக்கத்தை மதிக்காவிட்டால் எப்படி? குனிந்து, தன்னுடைய உயர்ந்த ரகத் தோல் ஷூவின் கயிற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்து, பகவதியின் ஷூவுக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் வைத்துவிட்டு ஏறினாள்.

கதவு மூடியது. வண்டி நகர்ந்தது. ஐந்து ஜோடி ஷூவும் பிளாட்பாரத்தில் வரிசை குலையாமல் பின்னால் போய்க்கொண்டிருந்தன. அப்போதுதான் சம்பந்தியம்மாவுக்கு விஷயம் எட்டியது. கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து, "அனியோ! அனியோ!" என்று அலறினாள்.

மூன்று பேரும் பகவதியை முன்னால் தள்ளினார்கள்.

"இந்தா இங்கதான் இருக்கேன் சம்பந்தி" என்று பகவதி அவள் தோளைத் தொட்டாள். "நான் எங்கயும் போயிரல்ல."